பென் டிரைவில் இடம் எங்கே போயிற்று?

32 ஜி.பி. என்று அச்சிட்ட பென் டிரைவைக் கணிப்பொறியில் செருகுகிறீர்கள். திரையில் 29.8 என்றோ அதற்குச் சற்றுக் குறைவாகவோ காண்கிறது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா? இல்லை. தயாரிப்பாளர் கணக்கில் ஒரு ஜி.பி. என்பது 100 கோடி பைட். விண்டோஸ் 1024-இன் மடங்குகளாக எண்ணுகிறது; அதன் ஜி.பி. 107,37,41,824 பைட். 3200 கோடியை இந்த எண்ணால் வகுத்துப் பாருங்கள். 1998-ஆம் ஆண்டிலேயே இந்தப் பெரிய அளவுக்கு 'ஜிபிபைட்' என்று தனிப்பெயர் சூட்டினார்கள். விண்டோஸ் இன்னும் பழைய பெயரை விடவில்லை!

ஆனால், அதே டிரைவ் ஒரு நாள் 200 மெகாபைட் மட்டுமே காட்டினால்? லினக்ஸை நிறுவுவதற்காக அதில் இமேஜ் கோப்பை எழுதியவர்களுக்குப் பெரும்பாலும் இது நேரும். காரணம் என்ன?

பொதுவாக டிரைவின் முதல் 512 பைட்டுக்குள் 64 பைட் அளவில் ஓர் அட்டவணை உண்டு. எந்தப் பகுதி எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நீளம் என்பதை அது சொல்லும். இமேஜை எழுதும்போது பழைய அட்டவணை அழிந்து, புதியது வந்து உட்கார்ந்துவிடுகிறது. ஒரு ஏக்கர் நிலம் அப்படியே கிடக்க, பட்டாவில் இரண்டு சென்ட் என்று எழுதியதைப் போன்றது இது. வழக்கம்போல் 'ஃபார்மட்' செய்தால் அந்த இரண்டு சென்ட்தான் சுத்தமாகும்! பட்டாவையே மாற்ற வேண்டும்.

டிரைவில் வேண்டிய கோப்புகள் இருந்தால் முதலில் வேறிடத்தில் நகலெடுங்கள். பிறகு, நிர்வாகி உரிமையுடன் 'டிஸ்க்பார்ட்' நிரலைத் திறந்து 'லிஸ்ட் டிஸ்க்' என்று கட்டளையிடுங்கள். உங்கள் டிரைவ் எது என்பதை அளவைக் கொண்டு கண்டுபிடியுங்கள். அதன் எண் 1 என்றால் 'செலக்ட் டிஸ்க் 1', அடுத்து 'கிளீன்', அதன்பின் 'கிரியேட் பார்ட்டிஷன் பிரைமரி'. கடைசியாக எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் செய்தால் முழு இடமும் திரும்பிவிடும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. 'கிளீன்' உங்களை "நிச்சயமாகவா?" என்று கேட்காது. எண் தவறினால் வீட்டுப் படங்கள் உள்ள வட்டின் அட்டவணையே போய்விடலாம். ஆகவே மற்ற டிரைவ்களைக் கழற்றி வைத்து, எண்ணை இருமுறை பாருங்கள். அப்படியும் தவறிவிட்டால் பதற வேண்டாம். அந்த வட்டில் எதையும் எழுதாதீர்கள். சாதாரண 'கிளீன்' கிழிப்பது பட்டாவைத்தான், பயிரை அன்று. மீட்பு நிரல் கொண்டு பெரும்பகுதியைத் திரும்பப் பெற வாய்ப்பு உண்டு.

'லிஸ்ட் டிஸ்க்' பட்டியலிலேயே அளவு மிகக் குறைவாக இருந்தால், குறை அட்டவணையில் இல்லை. டிரைவின் உள்ளே உள்ள சில்லில் இருக்கிறது. அதற்கு இந்தக் கட்டளைகள் உதவமாட்டா.