சிறு முன்னேற்றங்களை மதித்தல்

புதிதாக ஒரு மொழியைக் கற்பவரும், உடல்நலம் கருதி நடைப்பயிற்சியைத் தொடங்குபவரும், முன்கோபத்தைக் குறைத்துக்கொள்ள முயல்பவரும் இறுதி இலக்கை மட்டுமே அளவுகோலாகக் கொள்வார்களாயின், அந்த இலக்கை எட்டும் நாள்வரை ஒவ்வொரு நாளும் குறைபட்ட நாளாகவே தோன்றும். முயற்சி பலன் தந்துகொண்டிருக்கும்போதே அது வீண் என்ற எண்ணம் வேரூன்றுவதும், நல்ல தொடக்கங்கள் பாதியில் கைவிடப்படுவதும் பல வேளைகளில் இதனால்தான். எனவே, அன்றாடம் ஏற்படும் சிறு வளர்ச்சியைக் கண்டறிந்து மதிப்பது, முயற்சியைத் தொடரச் செய்யும் இன்றியமையாத பயிற்சியாகும்.

ஹார்வர்டு வணிகப் பள்ளிப் பேராசிரியர் டெரசா அமபில், உளவியலாளர் ஸ்டீவன் கிரேமருடன் இணைந்து, 7 நிறுவனங்களைச் சேர்ந்த 238 பேர் நாள்தோறும் எழுதிய ஏறத்தாழ 12,000 குறிப்புகளை ஆராய்ந்து, முடிவுகளை 2011-இல் வெளியிட்டார். எழுதியவர்களின் மனநிலை மிகச் சிறப்பாக இருந்த நாள்களுள் 76 விழுக்காட்டில், பெரிதோ சிறிதோ, பணியில் ஒரு முன்னேற்றம் நிகழ்ந்திருந்தது. ஆயினும், ஊழியர்களுக்கு ஊக்கமளிக்கும் ஐந்து காரணிகளை வரிசைப்படுத்துமாறு 669 மேலாளர்களிடம் கேட்டபோது, முன்னேற்றத்துக்குத் துணைநிற்பதை முதலிடத்தில் வைத்தவர்கள் 5 விழுக்காட்டினர் மட்டுமே. பின்னடைவுகள் முன்னேற்றங்களைவிட ஆழமாக மனத்தைத் தாக்குகின்றன என்பதும் இவ்வாய்வில் புலப்பட்டது. ஆகவே, நல்லவற்றை முனைந்து கவனிக்காவிட்டால் அவை எளிதில் மறைந்துபோகும்.

இதே உண்மையை வேறொரு கோணத்தில் காட்டியது உளவியலாளர்கள் ஆல்பர்ட் பண்டூராவும் டேல் ஷங்க்கும் 1981-இல் வெளியிட்ட ஆய்வு. கணிதத்தில் பின்தங்கியும் ஆர்வமின்றியும் இருந்த சிறுவர்களுக்கு 42 பக்கக் கழித்தல் கணக்குகள் கொடுக்கப்பட்டன. ஒரு குழுவுக்கு, ஒவ்வோர் அமர்விலும் 6 பக்கங்களை முடிப்பது என்னும் அண்மை இலக்கு, அதாவது அன்றன்றே எட்டக்கூடிய சிறு இலக்கு, பரிந்துரைக்கப்பட்டது. மற்றொரு குழுவுக்கு, ஏழு அமர்வுகளின் முடிவில் 42 பக்கங்களையும் முடிப்பது என்னும் தொலை இலக்கு கூறப்பட்டது. இன்னொரு குழுவுக்கு இலக்கே சொல்லப்படவில்லை. மொத்த வேலையில் வேறுபாடில்லை எனினும், அண்மை இலக்கு பெற்ற சிறுவர்களே கணக்குகளைச் சிறப்பாகச் செய்ததோடு, யாரும் வற்புறுத்தாதபோதும் கூடுதல் கணக்குகளைத் தாமாகவே போட்டனர். ஆறு பக்கங்கள் முடிந்த ஒவ்வொரு முறையும், தம்மால் இது முடியும் என்பதற்கான சான்று அவர்கள் கையிலேயே இருந்தது. ஒரு செயலைச் செய்து முடிக்கும் ஆற்றல் தனக்கு உண்டு என்னும் இந்நம்பிக்கையைப் பண்டூரா தன்திறன் நம்பிக்கை என்னும் கருத்தாக வளர்த்தெடுத்தார். அது அறிவுரையைவிடச் செய்து முடித்த செயலாலேயே உறுதியாக வளர்கிறது.

முன்னேற்றத்தைக் கவனிக்க எளிய வழி, இரவில் ஓரிரு வரிகள் எழுதிவைப்பதாகும். எழுத்துக்கூட்டிப் படித்த பத்தியை இன்று தடையின்றிப் படித்தது, மூச்சு வாங்கிய மேட்டுப்பாதையை நிற்காமல் கடந்தது, பிள்ளையிடம் சீறவிருந்த சொல்லை அடக்கிக்கொண்டது என அக்குறிப்பு குறிப்பிட்ட செயலைச் சுட்ட வேண்டும். பொதுவான பாராட்டுச் சொற்களால் வளர்ச்சியை அளக்க இயலாது. இடையில் ஒரு நாள் தவறினால் மனமுடையத் தேவையில்லை. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலியும் சகாக்களும் நடத்திய ஆய்வில், ஒரு செயல் பழக்கமாகப் படிவதற்கு ஆளுக்கேற்ப 18 நாள்கள் முதல் 254 நாள்கள் வரை ஆகலாம் என மதிப்பிடப்பட்டதுடன், ஒருமுறை தவறவிடுவது அப்பழக்கம் உருவாவதைப் பெரிதும் பாதிக்கவில்லை என்பதும் தெரியவந்தது.

சிறியதை மதிப்பது சோம்பலுக்கு இடம் கொடுக்கும் என்ற அச்சம் சிலருக்கு உண்டு. ஆனால், நாள்தோறும் உண்மையாக எழுதப்படும் குறிப்பு வளர்ச்சியை மட்டுமன்றித் தேக்கத்தையும் காட்டிக்கொடுக்கும். பல வாரங்களாக ஒரே வரி திரும்பத் திரும்ப வருமானால், பயிலும் முறையை மாற்றவேண்டிய தருணம் அது என்பதைப் பயில்பவர் பிறர் சொல்லாமலே உணர்ந்துகொள்வார்.