‘என்ன இருக்கிறது?’ என்று கேட்க முடியாத ஓட்டல்!

பாரீஸ் நகரில் ஒரு சின்ன ஓட்டல் இருந்தது. மொத்தம் சுமார் 25 பேர்தான் உட்கார முடியும். அங்கே சாப்பிடப் போனவர்கள் "இன்று என்ன இருக்கிறது?" என்று கேட்பதில்லை. பட்டியலைப் பார்த்து, இது வேண்டும், அது வேண்டாம் என்று சொல்வதும் இல்லை. சமையற்காரர் எதைச் சமைத்து அனுப்புகிறாரோ அதைத்தான் சாப்பிட வேண்டும். என்ன வரப்போகிறது என்பது தட்டு மேஜைக்கு வந்த பிறகுதான் தெரியும்!

இப்படிப்பட்ட ஓட்டலுக்கு யார் போவார்கள் என்று தோன்றும். ஆனால் அங்கே இடம் கிடைப்பது குதிரைக் கொம்பாக இருந்தது. பல நாட்களுக்கு முன்பே சொல்லி வைக்க வேண்டும். சமையல் உலகத்தின் மிக உயர்ந்த பட்டம் அந்தச் சின்ன ஓட்டலைத் தேடி வந்தது. 12 ஆண்டுகள் கழித்து அந்தப் பட்டம் கையை விட்டும் போனது.

அந்த ஓட்டலின் பெயர் "அஸ்த்ரான்ஸ்". மலைப் பகுதியில் பூக்கும் ஒரு சிறு பூவின் பெயர் அது.

இரண்டு நண்பர்கள்

பஸ்கால் பார்போ என்பவரும் கிறிஸ்தோப் ரோவா என்பவரும் 2000-ம் ஆண்டில் இந்த ஓட்டலைத் தொடங்கினார்கள். இசை மேதை பேத்தோவன் பெயர் கொண்ட ஒரு தெருவில், சேன் நதிக்கு அருகில் அது இருந்தது.

பார்போ அடுப்படியைக் கவனித்தார். ரோவா சாப்பாட்டுக் கூடத்தைக் கவனித்தார். இரண்டு பேரும் அதற்கு முன்பு ஒரே முதலாளியிடம் வேலை பார்த்தவர்கள். அந்த முதலாளியின் பெயர் அலேன் பஸ்ஸார். பாரீசில் "ஆர்பேஜ்" என்ற ஓட்டலை நடத்துபவர். 2001-ம் ஆண்டில் மாட்டிறைச்சி முதலிய சிவப்பு இறைச்சியைத் தன் ஓட்டலில் நிறுத்தி விட்டு, காய்கறிக்கு முதல் இடம் கொடுத்தவர். தன் சமையலுக்கு வேண்டிய காய்கறியைச் சொந்தத் தோட்டத்திலேயே பயிர் செய்தவர். இறைச்சி இல்லாமல் பெரிய விருந்தா என்று அப்போது பலரும் வியந்தார்கள்.

அவரிடம் தொழில் கற்றவர்கள் தனிக்கடை போட்டார்கள். பணம் குறைவு. இடம் சிறிது. ஆள் பலம் இல்லை. இருந்தாலும் முதல் தரமான சாப்பாடு போட வேண்டும். என்ன செய்வது?

பட்டியலை எடுத்து விட்டார்கள்!

பட்டியல் ஏன் போனது?

பெரிய ஓட்டலில் 40 விதமான பதார்த்தங்கள் பட்டியலில் இருக்கும். யார் எதைக் கேட்பார்கள் என்று தெரியாது. ஆகவே 40-க்கும் வேண்டிய மீன், இறைச்சி, காய்கறி எல்லாவற்றையும் வாங்கி வைக்க வேண்டும். கேட்க ஆள் இல்லை என்றால் கெட்டுப் போகும். அத்தனை விதமும் சமைக்க ஆட்களும் அதிகம் வேண்டும்.

பட்டியல் இல்லாத ஓட்டலில் இந்தத் தொல்லை குறைவு. இரவு 25 பேர் வருகிறார்கள் என்றால் 25 பேருக்கு மட்டும் வாங்கினால் போதும். காலையில் சந்தையில் எந்த மீன் நன்றாக இருக்கிறதோ அதை வாங்கலாம். பட்டாணி முடிந்து விட்டால் வேறு காய்க்கு மாறலாம். "பட்டியலில் போட்டோமே" என்ற கவலை இல்லை. வீட்டில் தாய்மார்கள் சமைக்கும் முறைக்கு இது நெருங்கியது. கிடைத்த பொருளைப் பார்த்து அன்றைய சமையலை முடிவு செய்வது!

ஆனால் ஓர் ஆபத்து உண்டு. பெரிய ஓட்டலில் நாலு பேர் வராவிட்டால் யாருக்கும் தெரியாது. 25 நாற்காலி உள்ள இடத்தில் நாலு பேர் வராவிட்டால் அன்றைய லாபமே போய்விடும். வாங்கிய பொருளும் வீண். அதனால்தான் இத்தகைய ஓட்டல்கள் பலவற்றில் இடம் பதிவு செய்யும்போதே வங்கி அட்டையின் எண்ணைக் கேட்கிறார்கள். சொல்லாமல் நின்று விட்டால் அபராதம்!

விருந்து நடக்கும் விதம்

இந்த விருந்துக்குப் பிரெஞ்சு மொழியில் "தெகுஸ்தாசியோன்" என்று பெயர். சுவை பார்த்தல் என்று பொருள். ஒரு பதார்த்தத்தை வயிறு நிறையச் சாப்பிடுவதற்குப் பதிலாகப் பல பதார்த்தங்களைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுவது.

விருந்தினர் உட்கார்ந்ததும் பரிமாறுபவர் வருவார். ஒரே ஒரு கேள்வி கேட்பார். "தங்களுக்கு உடம்புக்கு ஒத்துக் கொள்ளாத பொருள் ஏதாவது உண்டா?" சிலருக்கு இறால் ஆகாது. சிலருக்குக் கொட்டைப் பருப்பு ஆகாது. அதை மட்டும் சொன்னால் போதும். மற்றதெல்லாம் சமையற்காரர் பொறுப்பு.

முதலில் ஒரே வாயில் போடக்கூடிய சிறு பண்டம் வரும். பசியைக் கிளப்புவதற்காக அது. பிறகு ரொட்டியும் வெண்ணெயும் வரும். தட்டில் உள்ளதைக் கத்தியாலும் முள்கரண்டியாலும் சாப்பிடும் பிரெஞ்சுக்காரர்கள், ரொட்டியை மட்டும் கையால்தான் பிய்த்துச் சாப்பிடுகிறார்கள்!

அதன் பிறகு தட்டுகள் ஒன்றன் பின் ஒன்றாக வரும். ஏழு, எட்டு, சில இடங்களில் பத்துக்கு மேலும் வரும். ஒவ்வொன்றிலும் மூன்று, நாலு வாய்தான் இருக்கும். குளிர்ந்தது முதலில், சூடானது பிறகு. இலேசானது முதலில், கனமானது பிறகு. மீனுக்குப் பின் இறைச்சி. அதற்குப் பின் பாலாடைக்கட்டி. கடைசியில் இனிப்பு. பிறகு காப்பி. எல்லாம் முடிய மூன்று மணி நேரம் ஆகும். வெறும் மூன்று வாய்தானே என்று நினைத்தவர்களும் கடைசியில் வயிறு நிறைந்து எழுந்திருப்பார்கள்.

ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் இடையில் எவ்வளவு நேரம் விட வேண்டும் என்பது பெரிய வித்தை. சீக்கிரம் வந்தால் விருந்தினர் திணறுவார். தாமதமானால் பசி ஆறிவிடும். கூடத்தில் இருப்பவர் விருந்தினரின் முகத்தைப் பார்த்து அடுப்படிக்குச் சொல்ல வேண்டும். அதனால் சமையற்காரருக்கு எவ்வளவு மதிப்போ, பரிமாறுபவருக்கும் அவ்வளவு மதிப்பு.

மலிவான காளான்!

அஸ்த்ரான்சின் பெயரை உலகம் முழுவதும் பரப்பியது ஒரு காளான் பண்டம். சந்தையில் சாதாரணமாகக் கிடைக்கும் வெள்ளைக் காளான்தான். "பாரீஸ் காளான்" என்றே அதற்குப் பெயர். 19-ம் நூற்றாண்டில் பாரீஸ் நகரத்தின் அடியில் இருந்த கல் சுரங்கங்களின் இருட்டில் அதை வளர்த்தார்கள்.

பார்போ இந்தக் காளானைச் சமைக்கவே இல்லை. பச்சையாகக் காகிதம் போல் மெல்லியதாகச் சீவி, அடுக்கடுக்காக வைத்தார். நடுவில் வாத்து இனப் பறவையின் கொழுத்த ஈரலை வைத்தார். பழுக்காத திராட்சையின் புளிப்புச் சாற்றில் ஊறிய ஈரல் அது. பக்கத்தில் கொஞ்சம் எலுமிச்சைப் பசையும், ஒரு வகைக் கொட்டையின் எண்ணெயும். பார்த்தால் வெள்ளை அடை போல் இருக்கும். மலிவான காளானுக்கும் விலை உயர்ந்த ஈரலுக்கும் ஒரே தட்டில் சம இடம்!

இந்த ஈரலைப் பற்றிப் பெரிய சர்ச்சை உண்டு. ஈரல் கொழுப்பதற்காகப் பறவையின் தொண்டையில் குழாயை விட்டு இரையைத் திணிக்கிறார்கள். இது கொடுமை என்று பல நாடுகளில் எதிர்ப்பு இருக்கிறது. 2014-ம் ஆண்டில் இந்தியா இந்த ஈரலை இறக்குமதி செய்யத் தடை போட்டது.

பழைய காலத்தில் எப்படி?

பிரான்சில் ஆதியிலிருந்தே இப்படி ஒவ்வொரு தட்டாக வந்ததில்லை. அரசர்கள் காலத்து விருந்தில் பல பதார்த்தங்களை மேஜை முழுவதும் ஒரே சமயத்தில் பரப்பி விடுவார்கள். பார்வைக்கு ஆடம்பரம். ஆனால் பாதி ஆறிப்போகும். கைக்கு எட்டியதைத்தான் சாப்பிட முடியும். 19-ம் நூற்றாண்டில் ரஷ்ய நாட்டு வழக்கம் அங்கே பரவியது. பதார்த்தங்களை வரிசையாக, சூடாக, ஒவ்வொன்றாகக் கொண்டு வரும் வழக்கம் அது.

1973-ம் ஆண்டில் இன்னொரு மாற்றம் வந்தது. ஹென்றி கோ, கிறிஸ்தியான் மியோ என்ற இரண்டு பத்திரிகையாளர்கள் "புதிய சமையல்" என்று எழுதினார்கள். கனமான குழம்பைக் குறையுங்கள், அதிக நேரம் வேக வைக்காதீர்கள், அன்று வந்த புதிய பொருளை வாங்குங்கள், பட்டியலைச் சுருக்குங்கள் என்று சொன்னார்கள். பட்டியலைச் சுருக்கச் சொன்னது அப்போது. அடியோடு எடுத்து விட்டவர்கள் பின்னால் வந்தவர்கள்!

1992-ம் ஆண்டில் ஈவ் காம்டபோர்டு என்ற சமையற்காரர், பாரீசில் வாடகை குறைந்த ஒரு மூலையில் "ரெகலாத்" என்ற சிறு ஓட்டலைத் திறந்தார். பெரிய ஓட்டலில் கற்ற கைப்பக்குவத்தைக் குறைந்த விலைக்குக் கொடுத்தார். பட்டுத் திரை, வெள்ளிப் பாத்திரம் எதுவும் வேண்டாம், தட்டில் இருப்பது நன்றாக இருந்தால் போதும் என்ற எண்ணம் அதன் பிறகு பல இளம் சமையற்காரர்களிடம் வேரூன்றியது.

டயர் கம்பெனி கொடுக்கும் பட்டம்

சமையலுக்குப் பட்டம் கொடுப்பது யார் தெரியுமா? டயர் செய்யும் கம்பெனி!

மிச்லின் என்ற பிரெஞ்சு டயர் கம்பெனி 1900-ம் ஆண்டில் ஒரு புத்தகத்தை இலவசமாகக் கொடுத்தது. கார் வைத்திருப்பவர்கள் எங்கே தங்கலாம், எங்கே வண்டியைப் பழுது பார்க்கலாம் என்ற விவரங்கள் அதில் இருந்தன. மக்கள் அதிகமாகக் கார் ஓட்டினால் அதிகமாக டயர் விற்கும் அல்லவா? 1926-ம் ஆண்டு முதல் நல்ல ஓட்டல்களுக்கு நட்சத்திரம் போட ஆரம்பித்தார்கள். ஒரு நட்சத்திரம் என்றால் நல்ல ஓட்டல். இரண்டு என்றால் வழியை விட்டுச் சுற்றிப் போயாவது சாப்பிடலாம். மூன்று என்றால் அதற்காகவே பயணம் போகலாம்.

கம்பெனியின் ஆட்கள் பெயரைச் சொல்லாமல் வருவார்கள். மற்றவர்களைப் போலவே சாப்பிட்டு, பணம் கொடுத்து விட்டுப் போவார்கள். வந்தது யார் என்று சமையற்காரருக்குத் தெரியாது.

அஸ்த்ரான்சுக்கு 2001-ல் ஒரு நட்சத்திரம் கிடைத்தது. 2005-ல் இரண்டு. 2007-ல் மூன்று! பட்டியலும் இல்லாமல், 25 பேர் மட்டும் உட்காரும் ஓட்டல், அரண்மனை போன்ற ஓட்டல்களுக்குச் சமமாக நின்றது.

விலை என்ன?

இந்த விருந்து எல்லோருக்கும் எட்டுவது அல்ல. பாரீசில் இரவு விருந்துக்குப் பல இடங்களில் 100 யூரோவுக்கு மேல் ஆகும். மூன்று நட்சத்திர இடங்களில் 300, 400 யூரோவையும் தாண்டும். மது தனிக் கணக்கு. ஆனால் பிரான்சில் பரிமாறும் கட்டணம் விலையிலேயே அடக்கம். சாப்பாட்டோடு வரும் ரொட்டிக்கும் குழாய்த் தண்ணீருக்கும் காசு கிடையாது. பிரெஞ்சுக்காரர்கள் வரிசையாகப் பரிமாறிக் கூடி உண்ணும் விருந்து முறையை 2010-ம் ஆண்டில் யுனெஸ்கோ மனித குலத்தின் புலனாகாப் பண்பாட்டுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. அந்த விருந்து பணக்காரர்களின் ஓட்டலைப் பற்றியது மட்டும் அல்ல. பிறந்த நாளுக்கும் கலியாணத்துக்கும் சாதாரணக் குடும்பங்கள் கூடி உண்பதும் அதில் சேரும்.

நட்சத்திரம் உதிர்ந்தது

2019-ம் ஆண்டு அஸ்த்ரான்சின் மூன்றாவது நட்சத்திரத்தை மிச்லின் எடுத்து விட்டது. 12 ஆண்டுகள் காப்பாற்றிய பட்டம்! பட்டம் போனால் பெயர் மட்டும் போவதில்லை. அதை நம்பித் தூர தேசத்திலிருந்து வருகிறவர்களும் குறைவார்கள். 25 நாற்காலிகள் உள்ள இடத்தில் ஒவ்வொரு நாற்காலியும் முக்கியம்.

பிறகு பேத்தோவன் தெருவில் இருந்த ஓட்டலும் மூடப்பட்டது.

கதை அத்தோடு முடியவில்லை. 2022-ம் ஆண்டில் பார்போ வேறு இடத்தில் அதே பெயரில் மீண்டும் கடை திறந்தார். அந்த இடம் எது தெரியுமா? லோன்ஷான் தெருவில் 32-ம் எண் கட்டடம். சமையல் மேதை ஜோயல் ரோபுஷோன் 1981-ம் ஆண்டில் "ஜமேன்" என்ற ஓட்டலைத் தொடங்கிய அதே இடம்! மூன்றே ஆண்டுகளில், 1984-ல், மூன்று நட்சத்திரம் பெற்றவர் அவர். அவருக்குப் பெரும் புகழ் வாங்கித் தந்தது உருளைக்கிழங்கு மசியல். அவருடைய செய்முறையில் ஒரு கிலோ உருளைக்கிழங்குக்குக் கால் கிலோ வெண்ணெய்!

புது இடத்தில் பார்போவுக்குப் பழைய பட்டம் கூடவே வரவில்லை. முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. 2023-ம் ஆண்டில் ஒரு நட்சத்திரம் கிடைத்தது. 22 ஆண்டுகளுக்கு முன்பு, 2001-ல், முதன் முதலாகக் கிடைத்ததும் அதே ஒரு நட்சத்திரம்தான்.

பட்டியல் இல்லாத ஓட்டலில் விருந்தினர் சமையற்காரரை நம்பி உட்காருகிறார். போன ஆண்டு வாங்கிய பட்டம் இன்றைய மீனை ருசியாக்காது. நட்சத்திரம் ஏறலாம், இறங்கலாம். காலையில் சந்தைக்குப் போய், பொருளைப் பார்த்து வாங்கி, அன்றைய அடுப்பை அன்றுதான் மூட்ட வேண்டும்.