சூப்பர் பவுல் கட்டப் பந்தயம்

சூப்பர் பவுல் கட்டப் பந்தயம் என்பது ஐக்கிய அமெரிக்காவில் சூப்பர் பவுல் ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் சேர்ந்து பார்க்கும் நண்பர்கள், உறவினர்கள், அலுவலகத் தோழர்கள் தங்களுக்குள் சிறு தொகை வைத்து ஆடும் குலுக்கல் விளையாட்டு ஆகும். சூப்பர் பவுல், அமெரிக்கக் காற்பந்தின் என்எஃப்எல் கூட்டிணைவு ஆண்டுதோறும் நடத்தும் இறுதிப் போட்டி. பந்தைக் கையால் எறிந்தும் ஏந்தி ஓடியும் ஆடப்படும் இவ்வாட்டத்தின் விதிகளை அறியாதவரும் பந்தயத்தில் வெல்ல முடியும் என்பதால் விருந்துகளில் இது விரும்பப்படுகிறது.

ஆடும் முறை

ஒரு பெரிய தாளில் பத்துக்குப் பத்தாக 100 கட்டங்கள் வரையப்படும். மேல்வரிசை ஓர் அணிக்கும் இடப்பக்கம் மற்ற அணிக்கும் உரியவை. விருந்தினர் ஒரு கட்டத்துக்கு ஒரு டாலரோ ஐந்து டாலரோ கொடுத்து, விரும்பிய கட்டத்தில் பெயரை எழுதுவர். அனைத்தும் நிரம்பிய பிறகே 0 முதல் 9 வரையிலான இலக்கங்கள் சீட்டுக் குலுக்கி மேல்வரிசையில் எழுதப்படும். இடப்பக்கத்துக்கு மீண்டும் தனியாகக் குலுக்க வேண்டும். இந்த வரிசைமுறை மாறக்கூடாது. இலக்கங்களை முதலில் எழுதிவிட்டால் விவரம் தெரிந்தவர்கள் நல்ல கட்டங்களை அள்ளிக்கொள்வர்.

ஆட்டம் நான்கு கால்பகுதிகளைக் கொண்டது. ஒவ்வொன்றின் முடிவிலும் இரு அணிகளின் புள்ளிகளில் கடைசி இலக்கம் மட்டும் பார்க்கப்படும். 2023 பிப்ரவரியில் பிலடெல்பியா ஈகிள்ஸ், கான்சாஸ் சிட்டி சீஃப்ஸ் அணிகள் மோதியபோது இடைவேளையில் ஈகிள்ஸ் 24, சீஃப்ஸ் 14 எடுத்திருந்தன. இரு பக்கமும் 4 சந்திக்கும் கட்டத்துக்கு உரியவர் அப்பரிசைப் பெறுவார். இறுதிக் கணக்கு சீஃப்ஸ் 38, ஈகிள்ஸ் 35. எனவே 8, 5.

இலக்கங்களின் ஏற்றத்தாழ்வு

எல்லா இலக்கங்களும் ஒரே மதிப்புடையவை அல்ல. டச் டவுனுக்கு 6 புள்ளிகள், அதைத் தொடரும் உதைக்கு 1, ஃபீல்டு கோலுக்கு 3. புள்ளிகள் பெரும்பாலும் ஏழேழாகவும் மூன்று மூன்றாகவும் ஏறுவதால் 0, 7, 3, 4 அடிக்கடி வரும். 2, 5 அரிதானவை. 5 கிடைத்தவரைச் சுற்றியிருப்போர் கேலி செய்வது வழக்கம்.

கூடுதல் நேரச் சிக்கல்

சச்சரவு பெரும்பாலும் இங்குதான் எழும். 2024 பிப்ரவரியில் லாஸ் வேகஸ் நகருக்கு அருகே நடந்த ஆட்டத்தில் நான்காம் கால்பகுதி 19-19 என முடிந்தது. கூடுதல் நேரத்தில் சீஃப்ஸ் 25-22 என சான் பிரான்சிஸ்கோ 49அர்ஸ் அணியை வென்றது. "நான்காம் கால்பகுதி" என்று எழுதியிருந்தால் பரிசு 9-9 கட்டத்துக்கு. "இறுதிக் கணக்கு" என்றிருந்தால், யாரும் விரும்பாத 5-2 கட்டத்துக்கு. பரிசுகளில் கடைசியையே பெரிதாக வைப்பது வழக்கம் என்பதால் ஒரு சொல்லின் வேறுபாடு நண்பர்களிடையே மனக்கசப்பை உண்டாக்கும். தாளின் ஓரத்தில் இதை முன்கூட்டியே எழுதிவைப்பது அமைப்பாளரின் முதற்கடமை. விற்காத கட்டம் வென்றால் பணம் அடுத்த கால்பகுதிக்குச் சேருமா என்பதையும் அப்போதே முடிவுசெய்துவிட வேண்டும். ஆட்டம் தொடங்குமுன் நிரம்பிய தாளைப் படமெடுத்து அனைவருக்கும் அனுப்பிவிடுவது நல்லது.

பணமும் சட்டமும்

ஒரு கட்டம் 5 டாலர் என்றால் 500 டாலர் சேரும். முதல் மூன்று கால்பகுதிகளுக்குத் தலா 100, கடைசிக்கு 200 எனப் பிரிக்கலாம். திரட்டிய தொகை முழுவதும் பரிசாகவே திரும்ப வேண்டும். சூதாட்டச் சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபட்டாலும், நட்பு முறையிலான பந்தயத்தை அனுமதிக்கும் இடங்களில் நடத்துபவர் பங்கு எடுக்காதிருப்பது பொதுவான நிபந்தனை. பணமே வேண்டாமென்று சாக்லேட்டும் வைப்பர்.

விருந்தினர் குறைவாக இருந்தால் ஐந்துக்கு ஐந்தாக 25 கட்டங்கள் போதும். அப்போது ஒவ்வொரு வரிசைக்கும் இரண்டு இலக்கங்கள் குலுக்கித் தரப்படும்.