வீட்டுப் பலகாரமும் வெள்ளைச் சர்க்கரைக்கு மாற்றும்

நமது சங்கத்தின் அங்கத்தினர் வீடுகளில் பண்டிகை நாளன்று பலகாரம் செய்யாத வீடு இராது. செய்ய வேண்டாம் என்று சொல்ல நாம் வரவில்லை. எதைக்கொண்டு செய்வது, எவ்வளவு செய்வது, வீட்டில் நீரிழிவுக்காரர் இருப்பின் அவருக்கு என்ன கொடுப்பது என்பனவற்றைப்பற்றி அங்கத்தினர் வீட்டுப் பெண்மணிகள் அடிக்கடி வினவுவதால், நாம் அறிந்தவற்றை இவ்விதழில் எழுதலானோம்.

சென்ற பொங்கலையொட்டி அத்திப்பட்டில் ஓர் அன்பரின் இல்லத்துக்குச் சென்றிருந்தோம். அவர் நாற்பது ஆண்டுகளாகத் தறியில் அமர்ந்தவர். பத்து ஆண்டுகளாக நீரிழிவு உடையவர். இலை நிறையச் சர்க்கரைப் பொங்கல் வைத்துக்கொண்டு, மீண்டும் ஒரு கரண்டி வாங்கிக்கொண்டார். நாம் தயங்கியதைக் கண்ட அவர் மனைவியார், "சீனி ஒரு துளிகூடப் போடவில்லை, எல்லாம் கருப்பட்டிதான், டாக்டர் சீனியைத்தானே வேண்டாம் என்றார்" என்று பெருமையுடன் சொன்னார். அந்த அம்மையார் மீது குற்றமில்லை. கருப்பட்டியில் சர்க்கரை இல்லை என்று நம்மில் பலரும் எண்ணிக்கொண்டிருக்கிறோம். அவ்வன்பரின் வலக்கால் கட்டைவிரலில் ஆறாத புண் ஒன்றிருந்தது. குழித்தறியில் வெறுங்காலால் மிதிக்கட்டையை மிதிப்பவருக்குக் காலில் உணர்ச்சி குறைந்துவிட்டால், சிராய் குத்தியதும் தெரியாது, புண் பெரிதாவதும் தெரியாது. கால் கெட்டால் தறி நிற்கும். ஆகவே இது நாவின் ருசியோடு முடிந்துபோகும் சங்கதி அன்று.

முதலில் வெள்ளைச் சர்க்கரையைப்பற்றிச் சிறிது கூறுவோம். வடசென்னைப் பக்கத்து முதியோர் இன்றும் அதனை 'அஸ்கா' என்றே சொல்வார்கள். முன்னாளில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்து, 1936-இல் ஒரிஸாவோடு சேர்க்கப்பட்ட கஞ்சம் ஜில்லாவில் அஸ்கா என்றோர் ஊர் உண்டு. அங்கிருந்த ஆலையின் சர்க்கரை நம் கடைத்தெருக்களில் அவ்வளவு பெயர் பெற்றிருந்தபடியால், ஊரின் பெயரே பண்டத்தின் பெயராயிற்று என்பர். அந்த ஊரில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை ஒன்றும் பின்னர் ஏற்பட்டது என்பது கூட்டுறவாளராகிய நமக்கு ஒரு சுவையான செய்தி. நம் பாட்டிமார் காலத்தில் அஸ்கா விருந்தாளிக்கு மட்டும் எடுக்கும் பொருள். இன்றோ நியாயவிலைக் கடையில் அட்டைதாரருக்குக் கிலோ 25 ரூபாய் என்று 2017-இல் விலை வைக்கப்பட்ட பண்டம் அது. அருமைப் பொருளாக இருந்தது அன்றாடப் பொருளாகிவிட்டது. காலைக் காப்பி முதல் இரவுப் பால் வரை அதுவே கலக்கிறது.

வெள்ளைச் சர்க்கரை, வெல்லம், கருப்பட்டி ஆகிய மூன்றிலும் பெரும்பகுதி இருப்பது சுக்ரோஸ் என்னும் ஒரே சர்க்கரைச் சத்துதான். கரும்பிலிருந்து வந்தாலும் பனையிலிருந்து வந்தாலும் உடலுக்குள் அது குளுக்கோஸாகவும் ஃப்ரக்டோஸாகவும் பிரிந்து இரத்தத்திற் சேர்கிறது. கருப்பட்டியில் இரும்பு, பொட்டாசியம் முதலிய தாதுக்கள் ஓரளவு உள்ளன. வெள்ளைச் சர்க்கரையில் அவை அநேகமாக இல்லை. ஆனால் ஒருவர் ஒரு நாளில் உண்ணும் பத்துக் கிராம் கருப்பட்டியால் கிடைக்கும் இரும்பு மிகச் சொற்பம். அதைவிடக் கேழ்வரகும் எள்ளும் முருங்கைக்கீரையும் அதிகம் தரும். தேனும் இக்கணக்கில் சர்க்கரையே.

அப்படியாயின் கருப்பட்டியால் பயனே இல்லையா என்று கேட்கலாம். உண்டு. அதன் மணமும் சுவையும் ஆழமானவை. குறைவாகப் போட்டாலும் பலகாரத்தில் தெரியும். அஸ்காவுக்குத் தித்திப்பைத் தவிர வேறு சுவை இல்லை. ஆகவே கை தாராளமாகவே போகிறது. கருப்பட்டியைக் கரைத்து வடிகட்ட வேண்டியிருப்பதால் யோசித்தே எடுக்கிறோம். விலையும் சீனியைப்போல் பல மடங்கு. அதுவும் நம் கையைப் பிடிக்கும். இக்காரணங்களால் அளவு குறைந்தால்தான் நன்மை. அளவு குறையாவிட்டால் வெள்ளைக்குப் பதில் கறுப்பு என்பதோடு சரி.

அளவு என்ன? பெரியவர் ஒருவர் நாளொன்றுக்கு உட்கொள்ளும் உணவுச் சக்தியில், சேர்க்கப்படும் சர்க்கரையால் வருவது பத்தில் ஒரு பங்குக்குள் இருக்கவேண்டும், இருபதில் ஒரு பங்குக்குள் இருப்பின் இன்னும் நலம் என்று உலக சுகாதார நிறுவனம் 2015-இல் கூறியது. 2000 கலோரி உண்பவருக்கு இருபதில் ஒரு பங்கு என்பது 100 கலோரி. ஒரு கிராம் சர்க்கரைக்கு 4 கலோரி. ஆகவே 25 கிராம், அதாவது சுமார் ஐந்து தேக்கரண்டி. இதில் காப்பி, டீயில் விழுவதும் அடங்கும். நாள் ஒன்றுக்கு நான்கு முறை டீ அருந்தும் தறிக்காரர் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். பலகாரத்துக்கு இடமே மிஞ்சாது.

நீரிழிவு பணக்காரர் வியாதி என்ற பேச்சு பழைய பேச்சு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வு, நாட்டில் பத்துக் கோடிப் பேருக்கு மேல் நீரிழிவு உள்ளது என்று கணித்தது. இவ்விஷயத்தில் நம் வடசென்னைக்கு ஒரு சிறப்பு உண்டு. டாக்டர் மோ. விசுவநாதன் அவர்கள் 1948-இல் ஸ்டான்லி மருத்துவமனையில் நீரிழிவுக்கென்றே ஒரு பிரிவைத் தொடங்கி, 1954-இல் ராயபுரத்தில் தனி மருத்துவமனையும் நிறுவினார். இந்திய நீரிழிவு மருத்துவத்தின் தந்தை என்று அவரைப் போற்றுவர். துறைமுகக் கூலிகளும் ஆலைத் தொழிலாளரும் வாழும் பேட்டையில் அம்மருத்துவம் வேரூன்றியதை நினைத்துப் பார்க்கவேண்டும்.

கருப்பட்டி நமக்கு அந்நியப் பொருளன்று. அத்திப்பட்டு, மீஞ்சூர், பொன்னேரி வட்டாரங்களில் வயல் வரப்பிலும் ஏரிக்கரையிலும் பனை நின்ற மண் இது. 1994-இல் மின்சாரம் தரத் தொடங்கிய வடசென்னை அனல்மின் நிலையமும், 2001-இல் திறக்கப்பட்ட எண்ணூர்த் துறைமுகமும் வந்தபின் ஊரின் தோற்றமே மாறிற்று. எனினும் பனை அடியோடு போய்விடவில்லை. பழவேற்காட்டுப் பெண்கள் பனையோலையில் பெட்டியும் கூடையும் முடைவதை நாம் அறிவோம்.

பனைவெல்லத் தொழிலுக்கும் கூட்டுறவுக்கும் உள்ள உறவும் பழையது. 1937-இல் சேலம் ஜில்லாவில் தொடங்கிய மதுவிலக்கு 1948-இல் மாகாணம் முழுவதற்கும் விரிந்தபோது, கள் இறக்கிப் பிழைத்த குடும்பங்கள் வழியின்றி நின்றன. கள்ளுக்குப் பதில் பதநீர், பதநீரிலிருந்து வெல்லம் என்று அவர்களுக்கு வேலை காட்டப் பனைவெல்லக் கூட்டுறவுச் சங்கங்கள் எழுந்தன. 1934-இல் ஏற்பட்ட அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தை நடத்திய ஜே. சி. குமரப்பா அவர்களும் பனைவெல்லத்தை வற்புறுத்தி வந்தவரே. நமக்கு அருகிலுள்ள மாதவரத்தில் கதர் கிராமத் தொழில் ஆணையத்தின் பனைவெல்லப் பயிற்சி நிலையம் நெடுங்காலம் நடைபெற்றது. 1978-இல் பனை தமிழ்நாட்டின் மாநில மரமாயிற்று. 2021-இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட முதல் வேளாண் நிதிநிலை அறிக்கையில், நியாயவிலைக் கடைகளில் பனைவெல்லம் விற்கவும், மாவட்ட ஆட்சியரின் அனுமதியின்றிப் பனையை வெட்டாதிருக்கவும் அறிவிப்புகள் வந்தன.

பதநீர் புளிக்காதிருக்கக் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவுகிறார்கள். புளித்தால் அது கள். இறக்கிய பதநீரை வடிகட்டி, அகன்ற பாத்திரத்திற் காய்ச்சிப் பதம் வந்ததும் கொட்டாங்கச்சியில் ஊற்ற, அரைவட்டமாகக் கருப்பட்டி கிடைக்கும். ஒரு கிலோவுக்குச் சுமார் எட்டு முதல் பத்து லிட்டர் பதநீர் வேண்டும். ஏறுபவரின் உழைப்பும் எரிக்கும் விறகும் சேர்ந்தால் விலை ஏன் அதிகம் என்பது விளங்கும். இவ்விலையால்தான் பதநீர்ப் பாகில் அஸ்காவைக் கொட்டிக் கலப்படம் செய்கிறார்கள். உடைத்த இடம் சீனிப் படிகம்போல் மின்னினால் ஐயப்படலாம். எனினும் கண்ணால் மட்டும் உறுதி சொல்ல முடியாது. தெரிந்த சங்கத்தில் வாங்குவதே வழி. உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்துள்ளது.

இனி அடுப்பங்கரைக்குச் செல்வோம். நம் தொண்டை மண்டலத்துச் சிமிலியைவிட எளிய, உரம் மிக்க இனிப்பு வேறொன்றை நாம் அறியோம். கேழ்வரகு மாவு கால் கிலோ எடுத்து, ஒரு சிட்டிகை உப்பும் வெதுவெதுப்பான நீரும் விட்டுப் பிசைந்து, தோசைக்கல்லில் கனமான அடைகளாகத் தட்டி, இருபுறமும் நிதானமான தீயில் நன்றாக வேகவிட வேண்டும். உள்ளே மாவு பச்சையாக நின்றால் சிமிலி வயிற்றைக் கெடுக்கும், அவசரப்படலாகாது. அடை ஆறியதும் பிய்த்து உரலிலிட்டு உதிர்க்க வேண்டும். வறுத்துத் தோல் நீக்கிய வேர்க்கடலை 100 கிராம், வறுத்த எள் 50 கிராம் இவற்றைத் தனித்தனியே இடித்துச் சேர்த்து, தூளாக்கிய கருப்பட்டி 75 கிராமும் ஏலக்காய்ப் பொடியும் போட்டு மீண்டும் இடித்தால், கடலையும் எள்ளும் விடும் எண்ணெயிலேயே உருண்டை பிடிக்க வரும். நெய் வேண்டியதில்லை. உரல் இல்லாதார் மிக்ஸியில் விட்டு விட்டு ஓட்டலாம். தொடர்ந்து ஓட்டினால் களியாகிவிடும். இருபது உருண்டைகள் தேறும். ஒன்றுக்கு நான்கு கிராமுக்குக் குறைவான கருப்பட்டியே ஆகிறது. பழைய கைப்பக்குவத்தில் மாவுக்குச் சமமாக வெல்லம் போடுவார்கள். 75 கிராம் மிகக் குறைவென்று வீட்டார் முகம் சுளித்தால், முதன்முறை 120 கிராம் போட்டு, பின் ஒவ்வொரு முறையும் சிறிது சிறிதாகக் குறையுங்கள். நாக்கு சில வாரங்களில் பழகிவிடும். இது நாமே கண்டது.

கருப்பட்டியில் மண் துகள் இருக்கக்கூடுமாதலால், தூளாக்குமுன் மேற்புறத்தைச் சுரண்டிப் பார்ப்பது நலம்.

வெயிற்காலத்தில் நுங்கு வரும்போது நுங்குப் பாயசம் செய்யலாம்; அடுப்பு வேலை அதிகமில்லை. கருப்பட்டி 60 கிராமை அரை டம்ளர் நீரிற் கொதிக்கவிட்டு, வடிகட்டி ஆறவைக்க வேண்டும். தோல் நீக்கிய பத்து நுங்குச் சுளைகளில் பாதியை மசித்து, மீதியைத் துண்டாக்கி, அரைமூடித் தேங்காயின் முதற்பாலும் ஆறிய கருப்பட்டி நீரும் சேர்த்துக் கலக்கினால் ஐவருக்குப் போதும். பசும்பால் சேர்க்கும் பாயசமாயினும் இதே எச்சரிக்கைதான்: பாகு ஆறியபின், அடுப்பிலிருந்து இறக்கிச் சேர்த்தால் பால் திரியாது.

நீரிழிவு உடையவருக்கு இவையும் மருந்தாகா. கேழ்வரகிலும் மாவுச்சத்து உண்டு. உணவோடு ஒரு சிமிலி உருண்டை என்பது வேறு, தட்டு நிறைய என்பது வேறு. அதையும் மருத்துவரைக் கேட்டே கொடுக்க வேண்டும். கடையில் விற்கும் மாற்று இனிப்புகளைப்பற்றியும் கேட்கிறார்கள். சாக்கரின் 1879 முதலே மனிதர் அறிந்தது. அஸ்பார்டேம் சூட்டில் தித்திப்பை இழப்பதால் கொதிக்கும் பாயசத்துக்கு உதவாது. சீனித்துளசி இலையின் சத்து சூட்டைத் தாங்கும். 2015-இல் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அதனை அனுமதித்தது. எனினும் உடல் எடையைக் குறைக்க இத்தகைய மாற்று இனிப்புகளை நம்பவேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் அறிவுறுத்தியுள்ளது. ஏற்கெனவே நீரிழிவு உடையவர்களை அவ்வறிவுரையில் அது சேர்க்கவில்லை.

திருவாலங்காட்டிலுள்ள திருத்தணிக் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு அனுப்பும் அங்கத்தினர்கள் இக்கட்டுரையைப் படித்து மனம் வருந்தலாம். கரும்பு பயிரிடுவது குற்றமல்ல. பயிரிட்டவர் தம் பிள்ளைக்கு எவ்வளவு கொடுப்பது என்பதே நாம் பேசியது. நெசவாளரும் தாம் நெய்வதையெல்லாம் தாமே உடுத்துவதில்லையே.

கருப்பட்டியைப் பனங்காலத்தில், சித்திரைக்கும் ஆடிக்கும் இடையில் வாங்கி வைப்பது சிக்கனம். நம் கடலோரக் காற்றில் ஈரம் மிகுதி. ஐப்பசி மழை வந்தால் கருப்பட்டி கசிந்து இளகும். காற்றுப் புகாத பாத்திரத்தில் இட்டு இறுக மூடுங்கள்; அப்படியும் இளகினால் எறிய வேண்டாம், கரைத்து வடிகட்டிக் கொதிக்கவைத்துப் பாகாக்கி முதலில் அதைச் செலவிடுங்கள்.