ஜிம்முக்குப் போகும் பிள்ளைக்கு வெண்ணெய் எதற்கு?

அண்மையில் கிள்ளானில் உறவினர் ஒருவர் வீட்டிற்குப் போயிருந்தேன். காலைப் பசியாறும் நேரம். அவர்களின் மகன், 23 வயது, கோப்பி ஓவில் ஒரு பெரிய கரண்டி வெண்ணெயைப் போட்டுக் கலக்கினார்.

“என்னப்பா இது?” என்றேன்.

“ஜிம்முக்குப் போறேன் மாமா. சோறு, ரொட்டி எல்லாம் குறைச்சாச்சு. இது நல்ல கொழுப்பு” என்றார்.

அடுப்படியில் நின்ற அவருடைய அம்மாவின் முகம் மாறியது. காரணம் இருக்கிறது. தந்தை இருதய அறுவை சிகிச்சை செய்துகொண்டவர். அவருக்காக வீட்டில் நெய் டப்பாவையே ஒதுக்கிவிட்டார்கள். இப்போது மகனின் பெயரால் வெண்ணெய் குளிர்பெட்டிக்குள் வந்துவிட்டது.

உடற்பயிற்சி செய்பவருக்குக் கொழுப்பு தேவை. ஏ, டி, இ, கே வைட்டமின்களை உடல் ஏற்றுக்கொள்ளவே அது வேண்டும். ஆனால் நல்ல கொழுப்பானாலும் கெட்ட கொழுப்பானாலும் 1 கிராமுக்கு 9 கலோரிதான். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி. ஏறக்குறைய அரை மணி நேரம் வேகமாக நடந்தால்தான் அது கரையும். அதனால் வழக்கமான சாப்பாட்டின் மேல் வெண்ணெயையும் சேர்ப்பது எடை குறைக்கும் வழியாகாது. ஒன்றை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இன்னொன்றை வைக்க வேண்டும்.

எதை எடுப்பது? நிறைவுற்ற கொழுப்பைத்தான். இரத்தத்தில் எல்டிஎல் எனும் கெட்ட கொலஸ்டிராலை ஏற்றுவது அதுவே. 100 கிராம் வெண்ணெயில் ஏறக்குறைய 50 கிராமும், நெய்யில் 60 கிராமும் நிறைவுற்ற கொழுப்பு. தேங்காய் எண்ணெயில் 80 கிராமுக்கும் மேல். இதைச் சொன்னால் பலருக்குக் கோபம் வரும். “எங்க பாட்டி தேங்காய்ப்பால் ஊற்றித்தானே சமைத்தார்” என்பார்கள். உண்மைதான். அந்தப் பாட்டி விடியுமுன் எழுந்து, நூற்றுக்கணக்கான ரப்பர் மரங்களைச் சீவி, பால் வாளியைத் தூக்கி நடந்தவர். நாம் காரில் போய், நாற்காலியில் உட்கார்ந்து, மாலையில் ஒரு மணி நேரம் ஜிம்முக்குப் போகிறோம்.

உலகச் சுகாதார நிறுவனம், ஒரு நாள் கலோரியில் 10 விழுக்காட்டுக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு வேண்டாம் என்கிறது. 2,000 கலோரி சாப்பிடுபவருக்கு அது 22 கிராம். ஒரு மேசைக்கரண்டி வெண்ணெயிலேயே 7 கிராம் போய்விடும்.

அப்படியானால் மார்ஜரினா? பெட்டியைத் திருப்பிப் பார்த்துத்தான் சொல்ல முடியும். பகுதி ஹைட்ரஜன் ஏற்றிய எண்ணெயில் செய்த பழைய வகை மார்ஜரினில் டிரான்ஸ் கொழுப்பு இருந்தது. அது வெண்ணெயைவிட மோசம். சிங்கப்பூர் அந்த எண்ணெயை 2021 ஜூன் மாதம் தடை செய்தது. கேக் செய்யும் கட்டி மார்ஜரினைவிட, டப்பாவில் வரும் மென்மையான வகையில் நிறைவுற்ற கொழுப்பு பொதுவாகக் குறைவு. லேபிளில் ‘லெமாக் தெப்பு’ என்றிருப்பது நிறைவுற்ற கொழுப்பு. ‘லெமாக் டிரான்ஸ்’ என்ற இடத்தில் 0 இருக்க வேண்டும்.

ஆலிவ் எண்ணெய், அவகாடோ என்று காணொளிகளில் சொல்கிறார்கள். நல்லவைதான், விலைதான் இடிக்கிறது. தோட்டத்தில் இருப்பவர் 1 கிலோ 2 ரிங்கிட் 50 சென் பாக்கெட் எண்ணெயைத்தான் வாங்குவார். அது செம்பனை எண்ணெய். நிறைவுற்ற கொழுப்பு ஏறக்குறைய 40 முதல் 45 விழுக்காடு. வெண்ணெயைவிடச் சற்றுக் குறைவு. அதைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. பாக்கெட்டிலிருந்து நேராகச் சட்டியில் ஊற்றாமல் கரண்டியால் அளந்து ஊற்றுங்கள். மீன் பொரித்த எண்ணெயை மறுநாளும் அதற்கு மறுநாளும் காய்ச்சாதீர்கள்.

தோசைக்கு நெய்க்குப் பதில் ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெய் போதும். அதில் நிறைவுற்ற கொழுப்பு 15 விழுக்காடு அளவுதான். சால்மன் வாங்க முடியாதவருக்குக் கெம்போங் மீன் இருக்கிறது. ஒமேகா 3 அதிலும் உண்டு. பொரிக்காமல் புளி ஊற்றிக் குழம்பு வையுங்கள்.

ரொட்டியில் தடவ எதுவும் இல்லையே என்பவர்களுக்கு நிலக்கடலை. தோலுடன் வெறும் சட்டியில் வறுத்து, ஆறவிட்டு, தோலை ஊதிவிட்டு பிளெண்டரில் விடாமல் அரைத்தால் முதலில் தூளாகும், பிறகு அதன் எண்ணெயே வெளிவந்து விழுதாகும். சிட்டிகை உப்பு போதும். கடையில் வாங்கும் பலவற்றில் சீனியும் வேறு எண்ணெயும் சேர்ந்திருக்கும். இதில் புரதமும் உண்டு என்பதால் ஜிம் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். ஆனால் ஒரு மேசைக்கரண்டிக்கு 95 கலோரி. அளவு தாண்டக் கூடாது.

கிள்ளான் வீட்டில் இப்போது வாரம் ஒரு போத்தல் அரைக்கிறார்களாம். மருத்துவரிடம் கேட்ட பிறகு, தந்தையும் காலையில் அதிலிருந்து ஒரு கரண்டி எடுத்துக்கொள்கிறார். மகன் கோப்பியை வெறும் கோப்பியாகக் குடிக்கிறார். நம் ஊர்க் கோப்பிக் கொட்டையைப் பெரும்பாலும் சீனியும் மார்ஜரினும் போட்டுத்தான் வறுக்கிறார்கள் என்பதை அவரிடம் இன்னும் சொல்லவில்லை.