கோம்பையில் நாய் துரத்தினா என்ன பண்ணுவீங்க? இருட்டு வாக்கிங் காமெடிகளும், கொஞ்சம் சீரியஸ் விஷயங்களும்!

தேனி மாவட்டம், உத்தமபாளையம் பக்கத்தில் இருக்கும் கோம்பைக்கு இரண்டு அடையாளங்கள். ஒன்று, ஊருக்கு மேற்கே சுவர் மாதிரி நிற்கும் மேற்குத் தொடர்ச்சி மலை. இன்னொன்று, ஊர்ப் பெயரையே தன் பெயராக வைத்திருக்கும் கோம்பை நாய். செவலை நிறம், கறுத்த முகவாய், காவலுக்கும் வேட்டைக்கும் பேர்போன நாட்டு இனம். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி வரிசையில் தமிழ்நாட்டின் பெருமைகளில் ஒன்று.

பெருமை எல்லாம் சரிதான். ஆனால், விடியற்காலை நாலரை மணி இருட்டில், காதுவரை மஃப்ளர் சுற்றிக்கொண்டு, கையை வீசி வேகமாக நடந்து வரும் ஒருவரை அந்த நாய் எப்படிப் பார்க்கும்? அதன் கணக்கில் அவர் 'வாக்கிங்' போகிறவர் இல்லை. எதையோ எடுத்துக்கொண்டு ஓடுகிறவர்!

அப்புறம் என்ன, ஆறு மாதமாக 'முட்டி வலிக்குது' என்று சொன்னவர் அன்றைக்கு அரை கிலோமீட்டரை ஓட்டப்பந்தய வேகத்தில் கடப்பார். கோம்பை, தேவாரம், கம்பம், போடி என்று எந்த ஊர் டீக்கடையில் உட்கார்ந்தாலும் இப்படி ஒரு கதை கிடைக்கும். உங்கள் ஊரிலும் கிடைக்கும்.

ஏன் இருட்டிலேயே கிளம்புகிறோம்?

ஆசைப்பட்டு யாரும் இருட்டில் நடப்பதில்லை. அந்த நேரம்தான் கையில் இருக்கிறது. ஆறு மணிக்கு அடுப்புப் பற்றவைக்க வேண்டிய அம்மாவுக்கு, ஐந்து மணிதான் சொந்த நேரம். தோட்ட வேலைக்குப் போகிறவர்களுக்கும் அப்படித்தான். போலீஸ் வேலைக்குத் தயாராகும் பையன்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடியாக வேண்டும். வெயில் ஏறினால் அந்தப் பயிற்சி நடக்காது.

தேனிப் பக்கம் ஜனவரி கடைசியில் சூரியன் உதிக்கவே ஏறக்குறைய 6.40 ஆகிவிடும். ஜூனில்கூட 6 மணி. சாயங்காலம் போகலாம் என்றால், மேற்கே நிற்கும் மலை சூரியனைச் சீக்கிரமே மறைத்துவிடும். ஆக, வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதை நிறைவேற்ற, நம்மில் பலருக்கு இருட்டைத் தவிர வேறு வழியில்லை.

"மதினி, நில்லுங்க!"

இருட்டு வாக்கிங்கில் முதல் காமெடி, ஆள் மாறாட்டம். முன்னால் போவது பக்கத்து வீட்டு மதினி என்று நினைத்து, "மதினி, நில்லுங்க!" என்று ஒருவர் எட்டி நடப்பார். முன்னால் போகிறவரோ, 'யாரோ துரத்துகிறார்கள்' என்று இன்னும் வேகம் எடுப்பார். இவரும் விடாமல் பின்தொடர, இருவரும் தெருவிளக்கு வெளிச்சத்துக்கு வந்த பிறகுதான் தெரியும்... அது மதினியே இல்லை! ஆனால், அன்றைக்கு இருவருக்கும் நல்ல உடற்பயிற்சி.

அடுத்தது, 'அசையும் பாறை'. கொஞ்சம் மூச்சு வாங்கலாம் என்று ஓரமாக இருக்கும் கறுப்புத் திட்டில் உட்காரப் போனால், அது எழுந்து நிற்கும். எருமை! சாலையில் கிடக்கும் சணல் கயிற்றைப் பார்த்து எட்டு அடி தாண்டிக் குதிப்பது, காற்றில் ஆடும் வேட்டியைப் பார்த்து முனீஸ்வரனை வேண்டிக்கொள்வது எல்லாம் இதே கணக்கில் சேரும்.

இதற்காக வெட்கப்பட வேண்டாம். தப்பு கண்ணில் இருக்கிறது. வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குள் போனால், நம் கண் முழுமையாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். வாசலில் நின்று வாட்ஸ்அப் பார்த்துவிட்டு அப்படியே தெருவில் இறங்கினால், முதல் சில நிமிடங்கள் பாதிப் பார்வைதான். நடுவில் ஒருமுறை போனை எடுத்துப் பார்த்தாலும் கண் மறுபடி முதலிலிருந்து பழக வேண்டியிருக்கும்.

இன்னொரு விஷயம். மங்கிய வெளிச்சத்தில் வேலை செய்யும் கண் செல்கள், விழித்திரையின் நடுப்புள்ளியில் கிடையாது. அதனால், இருட்டில் ஒன்றை நேராக முறைத்துப் பார்த்தால் அது மறையும். பக்கவாட்டில் பார்த்தால் தெரியும். தெளிவாகத் தெரியாததை மூளை தனக்குத் தெரிந்த உருவமாக நிரப்பிக்கொள்ளும். கயிற்றைப் பாம்பென்று நினைக்கும் உதாரணத்தை நம் தத்துவ ஞானிகள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே சொல்லி வைத்திருக்கிறார்கள். அவர்களும் விடியற்காலை நடந்தவர்களாகத்தான் இருக்க வேண்டும்!

ஆடிக்காற்றும் அப்பாவின் குடையும்

'ஆடிக்காத்துல அம்மியே பறக்கும்' என்பதைக் கம்பம் பள்ளத்தாக்கு மக்கள் கண்ணால் பார்த்தவர்கள். கோம்பைக்கு மேலே, மலை உச்சியில் கேரளப் பக்கம் இருப்பது ராமக்கல்மேடு. காற்றாலைகள் சுற்றும் அளவுக்குக் காற்று அடிக்கும் இடம். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் அந்தக் காற்று சாரலையும் சேர்த்துக்கொண்டு கீழே இறங்கும்.

அந்த நேரத்தில் குடையோடு வாக்கிங் போகும் அப்பாக்களைக் கவனித்திருக்கிறீர்களா? போகும்போது குடை முன்னால் இழுக்கும். திரும்பினால் பின்னால் தள்ளும். ஒரு கட்டத்தில் குடை மேல்நோக்கிப் புரண்டு தாமரைப்பூவாகிவிடும். அதை மடக்கப் போராடும் ஐந்து நிமிடம்தான் அன்றைய உண்மையான ஜிம்.

மழை விட்ட பிறகு இன்னொரு காட்சி. கரிசல் சேற்றில் வைத்த கால் வெளியே வரும், செருப்பு வராது. ஒற்றைக்காலில் நின்று செருப்பைத் தேடும்போது, அதே வழியில் சம்பந்தி வீட்டார் பைக்கில் வருவார்கள். இது ஏனோ தவறுவதே இல்லை.

ஒலிம்பிக்கிலேயே நாய் துரத்தியிருக்கிறது!

நாய் துரத்தி ஓடியதைச் சொல்லக் கூச்சமா? உலக வரலாற்றில் உங்களுக்குத் துணை இருக்கிறது. 1904 ஆகஸ்ட் 30 அன்று அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ஒலிம்பிக் மாரத்தான் நடந்தது. கொளுத்தும் வெயில், மண் சாலை, வாகனங்கள் கிளப்பிய புழுதி. 32 பேர் ஓடத் தொடங்கி, முடித்தவர்கள் 14 பேர்தான்.

அதில் தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்த லென் டௌன்யானே என்ற வீரரை வழியில் நாய் துரத்தியது. அவர் பாதையை விட்டு ஏறக்குறைய ஒரு மைல் தள்ளி ஓட வேண்டியதாகிவிட்டது. திரும்பி வந்து, மீதியை ஓடி முடித்து ஒன்பதாம் இடம் பிடித்தார். அந்த நாய் மட்டும் வராமல் இருந்திருந்தால் இன்னும் முன்னால் வந்திருப்பார் என்று இன்றும் பேசுகிறார்கள். அதே போட்டியில் கியூபாவின் ஃபெலிக்ஸ் கார்வஹால், வழியில் ஆப்பிள் பறித்துத் தின்று, வயிற்றுவலி வந்து, சற்றுப் படுத்து எழுந்து ஓடியும் நான்காம் இடம் பிடித்தார்.

மோசமான வானிலைக்கும் ஒரு கதை உண்டு. 2018 ஏப்ரல் 16, பாஸ்டன் மாரத்தான். கொட்டும் மழை, உறையவைக்கும் குளிர், எதிர்க்காற்று. பெயர்பெற்ற பல வீரர்கள் பாதியிலேயே விலகினார்கள். அமெரிக்காவின் டெஸ் லிண்டனுக்கும் விலகிவிடலாம் என்ற எண்ணம்தான். 'எப்படியும் விலகப்போகிறோம், அதுவரை உதவுவோம்' என்று சக வீராங்கனை ஷலேன் ஃபிளனகனிடம் சொல்லியிருக்கிறார். ஃபிளனகன் நடுவழியில் கழிப்பறைக்கு ஓட, அவருக்காக வேகத்தைக் குறைத்துக் காத்திருந்தார் லிண்டன். கடைசியில் விலகவே இல்லை. பெண்கள் பிரிவில் அவர்தான் முதலிடம்! ஆண்கள் பிரிவில் வென்ற ஜப்பானின் யூகி கவாவுச்சி, அப்போது முழுநேர அரசு ஊழியராக இருந்தவர். அந்த மழையும் குளிரும் தனக்கு மிகவும் ஏற்ற வானிலை என்று சொல்லி அசத்தினார்.

சிரிப்பு நிற்கும் இடம்

இந்தக் கதைகளைச் சிரித்துச் சொல்ல முடிகிறது என்றால், ஒரே காரணம்தான். சம்பந்தப்பட்டவர் பத்திரமாக வீட்டுக்குத் திரும்பிவிட்டார்.

2023 மே 27 காலை, அரிக்கொம்பன் யானை கம்பம் நகர வீதிகளுக்குள் வந்தபோது தடை உத்தரவே போட வேண்டியதாயிற்று. அதன் வீடியோக்களை அன்றைக்குப் பலரும் வேடிக்கையாகப் பகிர்ந்தார்கள். ஆனால், யானை வந்த வழியில் பைக்கில் சிக்கிக் காயமடைந்த ஒருவர் சில நாள்களில் உயிரிழந்தார். மலையடிவார ஊர்களில் இருட்டு என்பது நமக்கு மட்டும் சொந்தமில்லை.

இன்னொரு இழப்பு கண்ணுக்குத் தெரியாதது. ஒருமுறை வழுக்கி விழுந்த, ஒருமுறை நாய் துரத்திய பயத்தில் வாக்கிங்கையே நிறுத்தியவர்கள் எத்தனை பேர்! சர்க்கரைக்காக 'தினமும் நடங்க' என்று டாக்டர் சொன்ன அம்மா, மறுநாளிலிருந்து வாசல் தாண்டவில்லை என்றால் அதில் சிரிக்க ஒன்றுமில்லை. நிறுத்த வேண்டியது வாக்கிங்கை அல்ல, கவனக்குறைவைத்தான்.

பத்திரமாகத் திரும்ப...

* சட்டை: வெள்ளை, வெளிர்மஞ்சள் நல்லது. சிவப்பு வேண்டாம். இருட்டில் பழகிய கண்ணுக்குச் சிவப்பு கறுப்பாகத்தான் தெரியும். வெளிச்சம் பட்டால் மின்னும் பட்டை ஒட்டிய சட்டை இருந்தால் இன்னும் நல்லது.

* டார்ச்: கையில் ஒரு சின்ன டார்ச். வெளிச்சம் எதிரே வருகிறவர் முகத்தில் அல்ல, உங்கள் காலுக்கு முன்னால் விழ வேண்டும். கட்டுவிரியன் இரவில் நடமாடும் பாம்பு. கடித்துவிட்டால் கீறுவதோ, இறுக்கிக் கட்டுவதோ வேண்டாம். கடிபட்ட இடத்தை அசைக்காமல், நேராக அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.

* சாலை: நடைபாதை இல்லாத சாலையில் வலது ஓரமாக, எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி நடக்க வேண்டும். ஹெட்போன் வீட்டிலேயே இருக்கட்டும்.

* நாய்: ஓடாதீர்கள். ஓடுவதைத் துரத்துவது நாயின் இயல்பு. நின்று, கைகளை உடம்போடு வைத்து, அதன் கண்ணை நேராகப் பார்க்காமல் மெதுவாக விலகுங்கள். கடித்தாலோ, பல் கீறினாலோகூட, அந்த இடத்தை ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே தடுப்பூசிக்குப் போக வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம்.

* மழை: மின்னல் தெரிந்ததும் எண்ணத் தொடங்குங்கள். 30 எண்ணுவதற்குள் இடி கேட்டால், மின்னல் 10 கி.மீ. தூரத்துக்குள் இருக்கிறது என்று அர்த்தம். உடனே கட்டடத்துக்குள் போங்கள். மரத்தடி வேண்டவே வேண்டாம். அறுந்து கிடக்கும் கம்பி, ஆழம் தெரியாத தேங்கிய தண்ணீர் பக்கமும் போக வேண்டாம்.

* துணை: கூட ஒருவர் இருந்தால் நல்லது. தனியாகப் போனால், எந்த வழி, எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள்.

காற்று பலமாக அடிக்கும் நாளில் வீட்டுக்குள்ளேயே, மாடிப்படியில் ஏறி இறங்கினாலும் கணக்கு கணக்குதான். மறுநாள் வானம் தெளிந்ததும் மறுபடி கிளம்பிவிடுங்கள். கிளம்பும்போது பக்கத்து வீட்டு மதினியையும் வாசலிலேயே கூப்பிட்டு, கூடவே அழைத்துப் போங்கள். நடு இருட்டில் யாரையோ துரத்த வேண்டிய அவசியம் இருக்காது!