"மறந்துடு" என்று சொன்னால் பயம் போகுமா?



"நடந்தது நடந்து போச்சு. அதையே நினைக்காதே, மறந்துடு." விபத்தில் தப்பியவர், அடி உதை பட்டவர், பாலியல் கொடுமைக்கு ஆளானவர் என்று யாரைப் பார்த்தாலும் நாம் சொல்கிற ஆறுதல் இதுதான். நல்ல மனசோடுதான் சொல்கிறோம். ஆனால் மறக்க நினைத்தால் மறந்து போகுமா? இதையே தன் வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டவர் எட்னா ஃபோவா என்ற பெண் உளவியல் நிபுணர்.

யார் இவர்?

இன்றைய இஸ்ரேலில் உள்ள ஹைஃபா நகரில் 1937-ல் பிறந்தார். அமெரிக்காவில் உளவியல் படித்து 1970-ல் முனைவர் பட்டம் பெற்றார். பிறகு ஃபிலடெல்ஃபியா நகரில் ஜோசப் வோல்ப் என்ற மருத்துவரிடம் பயிற்சி பெற்றார். பயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கிக் குறைக்கலாம் என்று காட்டியவர் வோல்ப். 1979-ல் ஃபோவா அதே ஊரில் பயம், பதற்றத்துக்கான சிகிச்சை மையத்தைத் தொடங்கினார். பாலியல் பலாத்காரத்துக்கு ஆளான பெண்களுக்குச் சிகிச்சை தந்தும் ஆராய்ந்தும் ஒரு முறையை உருவாக்கினார்.

பயம் ஏன் போகவில்லை?

பெரிய அதிர்ச்சிக்குப் பிறகு கெட்ட கனவு, திடுக்கிடல், தூக்கமின்மை வருவது இயல்பு. பெரும்பாலானவர்களுக்கு நாளாக ஆகக் குறைந்துவிடும். சிலருக்கு மட்டும் குறையாது. அதற்கு முக்கியக் காரணம் ஒதுங்கிப் போவதுதான் என்கிறார் ஃபோவா. "அந்தத் தெருப் பக்கமே போக மாட்டேன், அந்தப் பேச்சே எடுக்காதீங்க" என்று ஒதுங்கினால் அப்போதைக்கு நிம்மதி. ஆனால் அந்தத் தெருவில் இப்போது ஆபத்து இல்லை என்று மனசுக்குத் தெரிய வழியே இல்லாமல் போகிறது. கூடவே "எல்லாம் என் தப்பு, நான் எதுக்கும் லாயக்கில்லை" என்ற எண்ணமும் ஊறிப் போகிறது.

சிகிச்சை எப்படி?

பொதுவாக 8 முதல் 15 முறை, ஒவ்வொரு முறையும் சுமார் ஒன்றரை மணி நேரம்.

1. நடந்ததை நிபுணரிடம் வாய்விட்டு, திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். அந்தப் பேச்சைப் பதிவு செய்து வீட்டிலும் கேட்க வேண்டும். முதலில் அழுகை வரும், நடுக்கம் வரும். போகப் போக, அது முடிந்து போன விஷயம், இப்போது நடக்கவில்லை என்று மனசு புரிந்துகொள்ளும்.

2. ஆபத்தில்லாத, ஆனால் பயந்து ஒதுக்கிய இடங்களுக்குப் படிப்படியாகப் போக வேண்டும். முதலில் துணையோடு, பிறகு தனியாக.

ஃபிலடெல்ஃபியாவில், பாலியல் கொடுமைக்கு ஆளான 13 முதல் 18 வயதுள்ள 61 பெண்களிடம் நடந்த ஆய்வு 2013-ல் வெளியானது. சிகிச்சை கொடுத்தவர்கள் பெண்கள் உதவி மையத்தின் ஆலோசகர்கள். இந்த முறையை அப்போதுதான் பயிற்சியில் கற்றவர்கள். வெறும் ஆறுதல் ஆலோசனை பெற்றவர்களைவிட, இந்தச் சிகிச்சை பெற்றவர்கள் அதிகம் தேறினார்கள். ஒரு வருடம் கழித்தும் அந்தப் பலன் நிலைத்தது.

நாம் கவனிக்க வேண்டியவை

* இது பயிற்சி பெற்றவர் செய்ய வேண்டிய சிகிச்சை. குழுக் கூட்டத்தில் யாரையும் "சொல்லு, சொல்லு" என்று வற்புறுத்தக் கூடாது.
* வீட்டில் இன்னும் அடி விழுகிறது என்றால் அந்தப் பயம் நோய் இல்லை, எச்சரிக்கை. அங்கே முதலில் வேண்டியது பாதுகாப்பு. பெண்கள் உதவி எண் 181-க்கு அழையுங்கள்.
* மாதக்கணக்கில் தூக்கமில்லை, பயம் போகவில்லை என்றால் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குத் துணையாகக் கூட்டிப் போங்கள். 14416 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம்.
* நம்பிச் சொன்ன விஷயம் நம்மோடு இருக்க வேண்டும். ஊர்ப் பேச்சாகக் கூடாது.

இது பைத்தியமும் இல்லை, பேய் பிடித்ததும் இல்லை. பாதிக்கப்பட்டவரின் தப்பும் இல்லை. குணமாகக் கூடிய காயம். அடுத்த முறை "மறந்துடு" என்று வாய் வரை வந்தால், "நான் கூட வர்றேன், டாக்டர்கிட்ட போலாம்" என்று சொல்லிப் பாருங்கள்.